ஒத்தக்குத்து அக்கா வண்டியை விற்ற கதை

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒத்தக்குத்து அக்கா என்றால்தான் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, ஏதோ அடிதடிக்காரி போலிருக்கிறது என்று இரண்டு நாள் ஒதுங்கியே நிற்பார்கள். விஷயம் இவ்வளவுதான், ஊசியை ஒரு தடவைதான் குத்துவார். எலும்பும் தோலுமாகக் கிடக்கிற முதியவர்கள், மருந்து ஏற்றி ஏற்றி ரத்தக்குழாய் கயிறு மாதிரி இறுகிப்போனவர்கள், ஊசியைக் கண்டதும் கையை உதறுகிறவர்கள், யாராக இருந்தாலும் ஒரே குத்து. இரண்டு விரல் நுனியால் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்ப்பார். கண் எங்கேயோ சுவரில் இருக்கும். ராத்திரி தூக்கம் வந்ததா, கால் வீக்கம் எப்படி என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்துவிடும்.

நான் அதே நிலையத்தில் முன்மேசையில் உட்காருகிறவள். குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவதும், முடிவுகளைத் தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொடுப்பதும் என் வேலை. பதினான்கு வருஷம் அவரோடு ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கதையை அவர் வாயால் கேட்டவரை சொல்ல முடியும்.

அக்காவுக்கு வெளிவேலை. நிலையத்துக்கு வர முடியாதவர்களின் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் பன்னிரண்டு பதின்மூன்று வீடு முடித்துவிடுவார். எல்லோரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள். கொஞ்சம் தாமதமானாலும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். எடுத்த ரத்தமும் அப்படித்தான், நேரத்துக்கு வந்து சேராவிட்டால் குழாயிலேயே கெட்டுப்போகும்.

கணவர் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள். முன்பு அக்கா வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரி மூடப்பட்டபோது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அதில் மகள் பெயரில் ஒரு பகுதியைப் போட்டுவிட்டு, மீதியில் புத்தம்புது மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். வெள்ளைக் கார். அப்போது எங்கள் பக்கத்தில் அந்த வகை வண்டி நாலைந்துதான் இருக்கும். செல்போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி காருக்கும் போடுவீர்களா என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்தோம். அவர் அசரவில்லை. விடியற்காலையில் சந்துக்குள் நுழைந்தால் சத்தமே கேட்காது, நாய்கூடத் தலையைத் தூக்காது என்று பெருமையாகச் சொல்வார். ரத்தக் குழாய்கள் இருக்கும் ஐஸ்பெட்டியை முன்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட் மாட்டித்தான் ஓட்டுவார்.

அந்தக் கார்தான் மாப்பிள்ளையையும் கொண்டுவந்தது. முதல் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்து வர மகளை அனுப்பியிருந்தார். சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற இடத்தில் இருந்த பையன், சார்ஜ் போடும் முறையை அவளுக்கு விளக்க ஆரம்பித்து, ஒன்றரை வருஷம் விளக்கிக்கொண்டே இருந்தான். "வண்டியை சர்வீஸுக்கு விட்டேன், மாப்பிள்ளையோட திரும்பி வந்துச்சு" என்று கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது அக்கா சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நல்ல பையன்தான். மாமியாரை அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவார். சர்வீஸ் தேதி வந்தால் அவரே வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப்போய், கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார். அக்கா சாவியைக் கொடுத்து சாவியை வாங்கிக்கொள்வதோடு சரி. மற்றவர்கள் சர்வீஸ் சென்டரில் மணிக்கணக்காகக் காத்திருந்ததைச் சொல்லிப் புலம்பும்போது, அவர் லேசாகத் தலையை நிமிர்த்திக்கொள்வார்.

ஆறாவது வருஷம் வண்டி இளைக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் சுற்றுவார். அது ஒன்றரை நாளாயிற்று, பிறகு ஒரு நாளாயிற்று. மாப்பிள்ளையிடம் சொன்னார். அவர் எடுத்துப்போய் சோதித்துவிட்டு, பேட்டரி ஆரோக்கியம் எழுபத்தாறு சதவீதம் என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தார். இந்த வயசு வண்டிக்கு இது சகஜம் என்றார். ஏசியைக் குறைக்கச் சொன்னார், மெதுவாக ஓட்டச் சொன்னார், பின்னால் தேவையில்லாத சாமான் இருந்தால் இறக்கிவிடச் சொன்னார்.

அக்கா சொன்னபடி செய்கிற ஆள். பின்னால் கிடந்த குடை, செருப்பு, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் இறக்கினார். ஏசியை அறவே நிறுத்தினார். நல்ல வெயில் காலத்தில், கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், முகம் சிவந்து அவர் வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் இப்படி வதைபடுகிறீர்கள் என்று கேட்டால், நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டி பேட்டரியைக் கெடுத்துட்டேன் போல என்பார். ஏழாவது வருஷமும் சோதனை செய்தார்கள், எழுபத்து நாலு. எட்டாவது வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது இன்னொரு தடவை, எழுபத்து மூன்று. மூன்று தாளையும் மருந்துச் சீட்டுகள் வைக்கிற கோப்பில் பத்திரமாகச் செருகி வைத்தார்.

எட்டு வருஷத்தோடு பேட்டரிக்கான வாரன்டி முடிந்தது. முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திடீரென்று நடைவேகத்துக்கு இறங்கியது. டாஷ்போர்டில், பேட்டரியில் தெம்பில்லை என்பதற்கு அடையாளமாக, ஆமைப் படம் ஒன்று எரிந்ததாம். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கித் தீர்த்தார்கள். பாலத்தின் உச்சிக்குப் போவதற்குள் நின்றேவிட்டது. இழுவை வண்டி வந்து, அக்கா வேறு வண்டி பிடித்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ஐஸ்பெட்டியிலிருந்த ஆறு பேர் ரத்தத்தில் இரண்டு கெட்டுவிட்டன. அதில் ஒன்று, கையில் ரத்தக்குழாயே கிடைக்காத ஒரு வாத்தியாரம்மாவுடையது. மறுநாள் போய் அவரிடம் மறுபடி கையை நீட்டச் சொன்னதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அந்தம்மா இன்னொரு கையை நீட்டினாராம். மேனேஜர் கூப்பிட்டு, வண்டிக்கு ஒரு வழி பண்ணுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உட்கார்ந்து ரத்தம் எடுக்கிற வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

சர்வீஸ் சென்டரில் பேட்டரியை முழுசாக மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு அந்த வண்டியைப் போல இன்னொன்றை வாங்கிவிடலாம். மாப்பிள்ளை அதற்குள் உதவி மேனேஜர் ஆகியிருந்தார். அத்தையைத் தன் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, மனசு கஷ்டப்படுகிறது என்றார். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா வாரன்டியிலேயே பார்த்திருக்கலாம் அத்தை" என்றார். பழையதைக் கொடுத்துவிட்டுப் புது வண்டிக்குத் தவணை போட்டால், தன் பங்குக்குக் கொஞ்சம் தள்ளுபடி வாங்கித் தருவதாகவும் சொன்னார். அக்காவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயசு. அறுபது தாண்டித் தவணை கட்டுவதை நினைத்துப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த பத்து நாளும் எங்கள் நிலையத்தில் இதே பேச்சு. பெட்ரோல் வண்டி ஒன்று பழசாகப் பார்த்து வாங்குங்கள் என்றார் வாட்ச்மேன். தள்ளிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார் நுண்ணோக்கி அறைக்காரர். என்னைக் கேட்டபோது, ஒரு ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் இன்னொரு இடத்தில் கொடுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோல வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்றேன். நல்லதை நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் ரத்தம் எடுக்கப் போகிற வீடுகளில் ஒன்றில், படுத்த படுக்கையாக இருந்த ஒருவரின் மகன் பேட்டரி வேலை செய்கிறவர். முதலில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்து, பிறகு இதைக் கற்றுக்கொண்டவர். தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. வண்டியை அங்கே இழுத்துப் போனார்கள். பேட்டரிக்காரர் மடிக்கணினியை ஒயரால் வண்டியோடு இணைத்து, அரைமணி நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: உள்ளே சின்னச் சின்ன பேட்டரிகளாக இருபத்து நாலு கட்டு இருக்கிறது, இரண்டுதான் படுத்துவிட்டது, அந்த இரண்டும் சேர்ந்து மற்றதையும் கீழே இழுக்கிறது. விபத்தில் நொறுங்கிய இதே மாதிரி வண்டியிலிருந்து இரண்டு கட்டு எடுத்து மாற்றலாம். கம்பெனி சொன்னதில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு, அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்.

அக்காவுக்கு உயிர் வந்தது. உடனே செய்துவிடுங்கள் என்றிருக்கிறார். பேட்டரிக்காரர் மடிக்கணினியை மூடப் போனவர், நின்று, வாரன்டி இருக்கும்போதே ஏன் கேட்கவில்லை என்றார். கேட்டோமே, மூன்று தடவை சோதித்தார்களே, எல்லாம் சரியாக இருந்ததே என்றார் அக்கா.

அவர் கணினியை இவர் பக்கம் திருப்பினார். சோதனை செய்த ஒவ்வொரு தடவையும் வண்டியே அதைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளுமாம். தேதி, ஓடிய தூரம், பேட்டரி ஆரோக்கியம் எல்லாம் வரிசையாக இருந்தன. முதல் தடவை அறுபத்தெட்டு. அடுத்து அறுபத்தைந்து. மூன்றாவது அறுபத்து மூன்று. எட்டு வருஷத்துக்குள் எழுபதுக்குக் கீழே போனால் கம்பெனி இலவசமாக மாற்றித் தரவேண்டும். வாரன்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மறுநாள் காலை நான் வந்து கணினியைத் திறப்பதற்கு முன்பே அக்கா என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பேட்டரிக்காரர் அச்செடுத்துக் கொடுத்த தாள் ஒரு பக்கம், மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட மூன்று தாள் ஒரு பக்கம். தேதிகள் ஒத்துப்போயின. எண்கள்தான் வேறு.

"டைப் பண்ணும்போது தப்பு விழுந்திருக்குமா?" என்று கேட்டார்.

நான் நாள் முழுக்க எண்களைத் தட்டுகிறவள். தவறு எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அறுபத்தெட்டு எண்பத்தாறாகும், ஆறு ஒன்பதாகும். மூன்று வருஷம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் எழுபதுக்குச் சற்று மேலே போய் உட்காராது. அவருக்கும் அது தெரியும். நோயாளியின் ரிப்போர்ட்டில் ஒரு புள்ளியை நகர்த்தினாலும் வேலையை விட்டுத் துரத்துகிற இடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இந்தத் தாள்களோடு தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் பேட்டரி வந்துவிடும் என்று பேட்டரிக்காரர் சொல்லியிருந்தார். யார் மாற்றி எழுதினார்கள் என்றும் தோண்டுவார்கள், அந்த ஆளுக்கு வேலை போகும் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஆள் யார் என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளைக்கு அன்று ஷோரூமில் வேலை. மகள் கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வயசுப் பேத்தி காலுறைகளை ஜோடி சேர்க்கிறேன் என்று கலைத்துக்கொண்டிருந்தது. அக்கா தாள்களை நீட்டினார். மகள் வாங்கிப் பார்த்தாள். இது என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே அக்காவுக்குப் பாதி புரிந்துவிட்டதாம்.

"உனக்குத் தெரியுமா?"

"போன வருஷம் சொன்னார்மா" என்றாள் மகள், ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டு. "உன்னுது மட்டும் இல்ல. எட்டு வண்டிக்கு அப்படித்தான் போட்டாங்க. பேட்டரி நிறைய மாத்திக் கொடுத்தா பிராஞ்சுக்குக் கெட்ட பேருன்னு மேலிருந்து சொன்னது. மத்தவங்களுக்கு இல்லன்னுட்டு உனக்கு மட்டும் கொடுத்தா, மாமியாருக்குச் செஞ்சுட்டான்னு பேச மாட்டாங்களா?"

அக்கா பேத்தியின் கையிலிருந்து ஒரு காலுறையை வாங்கி வைத்துக்கொண்டார். மகள் விடாமல் பேசினாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை, நீ ஏசி போடாமல் வேர்த்து ஊற்றி வண்டி ஓட்டுவதைப் பார்த்து எத்தனை நாள் வருத்தப்பட்டார் தெரியுமா என்றாள்.

"வருத்தப்பட்டாரா" என்றார் அக்கா.

செலவில் பாதியை நாங்கள் தருகிறோம், கடிதம் மட்டும் போட்டுவிடாதே என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கையை விடுவித்துக்கொண்டு, பேத்தியின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியதாகச் சொன்னார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். ஷோரூம் சீருடையோடு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அக்கா உள்ளே வரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். இல்லை என்று அவர் மறுக்கவில்லை, சாக்கும் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை அத்தை என்று மட்டும் சொன்னார். பிறகு அக்கா கேட்டார்.

"மத்த ஏழு பேரு யாரு மாப்பிள்ளை?"

அவர் தரையைப் பார்த்தார். அதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது அத்தை என்றார். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். அவர் அதைக் குடித்துவிட்டுப் போனார். எதற்காகப் போட்டுக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வந்தால் போட்டுக் கொடுத்துப் பழகிய கை என்றார் அக்கா என்னிடம்.

கடிதத்தை எழுதத்தான் செய்தார். என் கணினியில்தான் அடித்தேன். ஒரு பக்கம். அவரே இரண்டு தடவை திருத்தினார். உறையில் போட்டு முகவரி எழுதி, எட்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒன்பதாவது நாள், மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் கூடையில் அதைக் கிழித்துப் போட்டார். "அனுப்பினா என் பேத்தி அப்பனுக்கு வேலை போகும். அனுப்பலன்னா அந்தப் பொய் ரிப்போர்ட்ல நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி" என்றார். அந்த ஏழு பேரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அதில் யாரேனும் தன்னைப் போலத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டுவார்களோ என்றார்.

அப்படியானால் பேட்டரிக்காரரிடமே அந்த இரண்டு கட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் காசு, உங்கள் வண்டி, யார் தயவும் வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவரிடம் அதற்கான பணம் இருந்தது. பேட்டரிக்காரர் இரண்டு கட்டுகளையும் எடுத்து வைத்துவிட்டு வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்தார். அக்கா நாள் கடத்தினார். கடைசியில் ஒரு நாள், அந்த வண்டியில் இனி உட்கார முடியாது என்றார். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் மகள், மாப்பிள்ளை இரண்டு பேர் முகமும்தான் தெரிகிறது என்றார். இருந்தது இருந்தபடியே பேட்டரிக்காரருக்கே விற்றுவிட்டார். அடிமாட்டு விலை. பேரம்கூடப் பேசவில்லை.

பேட்டரிக்காரர் இரண்டு கட்டையும் மாற்றித் தானே ஓட்ட ஆரம்பித்தார். இது நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அப்பாவின் ரிப்போர்ட் வாங்க அதில்தான் வருகிறார். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, ஜம்மென்று வருகிறார். எங்கள் வாசலில் அது நின்றால் அக்கா உள் அறையிலேயே இருந்துகொள்வார்.

அக்கா இப்போது உள்ளே உட்கார்ந்துதான் ரத்தம் எடுக்கிறார். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. வீடுகளுக்கு பைக்கில் வேறொருவர் போகிறார். அவர் இரண்டு குத்தில் எடுத்தால் அதிசயம். பழைய வீட்டுக்காரர்கள் எனக்குப் போன் செய்து, அந்தம்மாவை அனுப்ப முடியாதா என்று கேட்கிறார்கள். வாத்தியாரம்மா மட்டும் கேட்கவில்லை. அவர் தவறிவிட்டார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போவார். பேத்தியோடு விளையாடுவார், மாப்பிள்ளையை வாங்க போங்க என்று மரியாதை குறையாமல்தான் பேசுவார். மகளிடம் முன்பு நாளைக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவர், இப்போது என்ன பேசுவதென்று தெரியாமல் குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொல்வார். மாப்பிள்ளை கிளை மேனேஜராகிவிட்டார். அந்தச் செய்தியை அக்கா என்னிடம் சொல்லவில்லை. செய்தித்தாளில் வந்த விளம்பரத்தில் படத்தைப் பார்த்து நான்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் ஒருவர் கொழுப்புப் பரிசோதனைக்கு வந்திருந்தார். துணிக்கடைகளுக்குச் சரக்கு போடுகிறவராம். அக்கா அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பஸ் கிடைக்கவில்லை, சொந்தமாக மின்சாரக் கார் வைத்திருந்தேன், வாரன்டி முடிந்த கையோடு பேட்டரி போய்விட்டது, கடைசிவரை சோதனையில் சரியாகத்தான் இருந்தது, நம்ம நேரம் என்றாராம். எந்தக் கிளை என்று அக்கா கேட்டார். மாப்பிள்ளையின் கிளையைத்தான் சொன்னார். அக்கா குழாயை நிரப்பி, பஞ்சை வைத்து, ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் இதைச் சொன்னார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.

"என்னன்னு சொல்ல? என் மாப்பிள்ளைன்னா?"

பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. டப்பாவை மூடிக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.